இருபது ரூபாய் மலிவு: யாருக்கு லாபம்?

சென்ற மாதம் உத்திரமேரூர் தாலுகாவில், மானாம்பதிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், வேப்ப மரத்தடியில் ஒரு சிறு கூட்டம். ரேஷன் கடைப் பிரச்னை பற்றிப் பேசத்தான் போயிருந்தோம். பேசி முடித்து எழுந்திருக்கும் நேரத்தில் ஒரு தாய் குறுக்கிட்டார்.

"ஒண்ணு கேக்கணும் தோழர். எங்க ஊர்க் கடையில விக்கிற அதே எண்ணெய் பாக்கெட்டு, செல்போனுல போட்டா இருவது ரூபா கம்மியா வூட்டுக்கே வருது. மவன் போட்டுக் குடுக்கறான். நீங்க என்னவோ கடைக்காரங்களுக்காகக் கூட்டம் போடறீங்களாமே? எனக்கு மிச்சமாவுற இருவது ரூபா உங்களுக்கு ஏன் பொறுக்கல?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். சட்டென்று சரியான பதில் வரவில்லை என்பதுதான் உண்மை. "அடுத்த கூட்டத்தில் சொல்கிறோம், அம்மா" என்று சமாளித்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தோம். அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு முன்பு தோழர்களும் படித்துத் திருத்தட்டும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். அவர் கேட்டது நியாயமான கேள்வி. கல்குவாரியில் வெயிலில் நிற்பவனுக்கும், சேற்றில் குனிந்து நடவு நடுபவளுக்கும் இருபது ரூபாய் அற்பமல்ல. அது வீட்டுக் குழந்தைக்கு ஏறக்குறைய அரை லிட்டர் பால். கூலியை உயர்த்த வழி செய்யாமல், "கொஞ்சம் அதிகம் கொடுத்தாவது உள்ளூர்க் கடையிலேயே வாங்குங்கள், அதுதான் தர்மம்" என்று ஏழைக்கு உபதேசம் செய்வது வயிறு நிறைந்தவர்களின் வேலை. அந்த வேலையைச் செய்ய நாம் வரவில்லை.

நாம் கேட்பது வேறு. அந்த இருபது ரூபாய் எங்கிருந்து வருகிறது? பம்பாயிலோ அமெரிக்காவிலோ உட்கார்ந்திருக்கும் கோடீஸ்வரர் மானாம்பதித் தாயின் மேல் இரக்கப்பட்டுத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறாரா?

எடுத்துத்தான் கொடுக்கிறார். ஆனால் இரக்கத்தால் அல்ல. சோப்பும் எண்ணெயும் பிஸ்கட்டும் உற்பத்தி செய்யும் பெரிய கம்பெனிகள், ஒரே பொருளை இரண்டு விலைக்குக் கொடுக்கின்றன. லட்சக்கணக்கில் எடுக்கும் பெரிய வியாபாரக் கம்பெனிக்கு ஒரு விலை. விநியோகஸ்தர் மூலமாக நாலு பெட்டி எடுக்கும் கிராமத்துக் கடைக்காரருக்கு வேறு விலை. நம் ஊர்க் கடைக்காரர் வாங்கும் விலையே சில நேரங்களில் செல்போனில் விற்கும் விலையைவிட அதிகமாயிருக்கிறது! இது நம் கற்பனை அல்ல. இந்த விலை வித்தியாசத்தை எதிர்த்து நாடு பூராவும் விநியோகஸ்தர்கள் குரல் கொடுத்தார்கள். 2022 ஜனவரியில் மகாராஷ்டிரத்தில் ஒரு பெரிய கம்பெனியின் சில சரக்குகளை எடுக்கவே மறுத்தார்கள். முதலாளித்துவத்தின் தாய்வீடான அமெரிக்காவிலேயே, 1936ல், ஒரே சரக்கைப் பெரிய கடைத்தொடருக்கு ஒரு விலை, சின்னக் கடைக்கு ஒரு விலை என்று போட்டிக்குக் கேடு வரும்படி விற்கக் கூடாது என்று சட்டம் போட வேண்டியிருந்தது. ராபின்சன்–பேட்மன் சட்டம் என்று அதற்குப் பெயர். சந்தையே தெய்வம் என்று நமக்குப் பாடம் சொல்லும் நாட்டிலேயே நிலைமை இது.

இன்னொரு பங்கு, வேண்டுமென்றே ஏற்கும் நஷ்டத்திலிருந்து வருகிறது. பத்து ரூபாய் சரக்கை எட்டு ரூபாய்க்கு ஐந்து வருஷம் விற்க நம் மளிகைக் கடைக்காரரால் முடியுமா? ஐந்து வாரம் முடியாது. உலகச் சந்தையில் மூலதனம் திரட்டியவனால் முடியும். 2024 ஆகஸ்டில் மத்திய வர்த்தக மந்திரி பியூஷ் கோயலே இதைப் பகிரங்கமாகச் சொன்னார். இந்தக் கம்பெனிகள் நாட்டில் போடும் பணம் அவற்றின் நஷ்டத்தை ஈடுகட்டத்தான் வருகிறது, இது போட்டியாளரை ஒழிக்கும் விலை என்ற சந்தேகத்தைக் கிளப்புகிறது என்பது அவர் பேச்சின் சாரம். கம்யூனிஸ்டுகள் சொன்னால் பழைய பல்லவி என்பார்கள். மந்திரி சொன்னார்!

மூன்றாவது பங்கு வியர்வையிலிருந்து வருகிறது. மோட்டார் சைக்கிளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு வருகிறானே ஒரு பையன், அவனும் நம் வீட்டுப் பிள்ளைதான். வண்டி அவனுடையது, பெட்ரோல் அவனுடையது, விழுந்தால் உடையும் கால் அவனுடையது. கம்பெனி அவனைத் தொழிலாளி என்று சொல்லாது, 'பார்ட்னர்' என்று அழைக்கும். லாபத்தில் பங்கில்லாத கூட்டாளியை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

விலையை அடியோடு குறைத்துப் போட்டியாளரை ஒழிக்கும் வித்தை நமக்குப் புதிதா? தூத்துக்குடிக்காரர்களைக் கேளுங்கள். 1906ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஏகபோகமாகக் கப்பல் ஓட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது. சுதேசியும் குறைத்தது. கடைசியில் வெள்ளைக்காரன் சும்மா ஏற்றிச் செல்கிறேன், ஆளுக்கொரு குடையும் தருகிறேன் என்று சொன்னதாக வரலாறு பேசுகிறது. குடை வாங்கிக்கொண்டு ஏறியவர்களை நாம் குற்றம் சொல்லவில்லை. அவர்களும் அன்று நாலணா மிச்சம் பிடிக்க வேண்டியிருந்த ஏழைகளே. ஆனால் நடந்தது என்ன? 1908ல் வ.உ.சி. சிறைக்குப் போனார். சில ஆண்டுகளில் கம்பெனி முறிந்தது. சுதேசிக் கப்பல்களில் ஒன்று அதே வெள்ளைக்காரக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. அதன்பின் குடை கொடுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை.

இன்று செல்போனில் மின்னும் தள்ளுபடிதான் அந்தக் குடை.

இந்தக் கதவு எப்படித் திறந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2012 செப்டம்பரில் அன்றைய காங்கிரஸ் கூட்டணி சர்க்கார், பல சரக்குச் சில்லறை வியாபாரத்தில் 51 சதவிகித அன்னிய மூலதனத்தை அனுமதிக்க முடிவு செய்தது. செப்டம்பர் 20ந் தேதி நாடு பூராவும் கடையடைப்பு. இடதுசாரிகளும் எதிர்த்தார்கள், பா.ஜ.க.வும் எதிர்த்தது. தமிழ்நாட்டில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா, இங்கே அனுமதியில்லை என்று அறிவித்தார். முன்வாசல் அத்தோடு ஏறக்குறைய அடைபட்டது. ஆனால் 2016ல் பா.ஜ.க. சர்க்கார், வாங்குபவரையும் விற்பவரையும் இணைக்கும் இணையச் சந்தைக்கு நூறு சதவிகித அன்னிய மூலதனம் என்று கொல்லைப்புறக் கதவைத் திறந்துவிட்டது. 2018ல் அமெரிக்காவின் வால்மார்ட், 1,600 கோடி டாலர் கொடுத்து பிளிப்கார்ட்டின் பெரும்பங்கை வாங்கிக்கொண்டது. 2012ல் வாசலில் நிறுத்தப்பட்டவர், ஆறே ஆண்டில் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். இந்திய முதலாளியானால் பரவாயில்லை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். திமிங்கலம் எந்தக் கடலில் பிறந்தது என்று கெண்டை மீன் விசாரிப்பதில்லை.

இனி உத்திரமேரூருக்கே வருவோம்.

நம் கடைத்தெருவில் ஒரு குடும்பம் மாதம் மூவாயிரம் ரூபாய்க்கு மளிகை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஆயிரம் குடும்பம் என்றால் மாதம் முப்பது லட்சம், வருஷத்துக்கு மூன்று கோடியே அறுபது லட்சம். இதில் பெரும்பகுதி எப்படியும் வெளியே போகும். சோப்பும் தீப்பெட்டியும் உத்திரமேரூரில் செய்யப்படுவதில்லை. ஆனால் மீதிப் பகுதி? கடைக்காரர் அரிசியைப் பக்கத்து மில்லில் எடுக்கிறார். அந்த மில்லுக்கு ஏரிப்பாசன நெல் வருகிறது. மல்லாட்டையை நாட்டுச் செக்கில் ஆட்டியவரிடம் எண்ணெய் எடுக்கிறார். சாமான் ஏற்றி வரும் குட்டியானைக்கு வாடகை கொடுக்கிறார். மூட்டை தூக்குபவருக்குக் கூலி, பொட்டலம் கட்டும் பையனுக்குச் சம்பளம், எதிர்க்கடையில் டீ, பக்கத்துத் தையல்காரரிடம் தீபாவளிச் சட்டை, மகள் கல்யாணத்துக்கு உள்ளூர்ப் பந்தல்காரர். நம் கையிலிருந்து போன பணம் நாலு கை மாறி நம் தெருவுக்கே திரும்பி வருகிறது. பேரூராட்சிக்குச் சொத்து வரி, தொழில் வரி, பேரூராட்சிக் கடையாயிருந்தால் வாடகை, எல்லாம் இந்தக் கடைத்தெருவிலிருந்துதான். தெரு விளக்கு எரிவதில் அதற்கும் ஒரு பங்குண்டு. (ஜி.எஸ்.டி.யைப் பற்றி இங்கே நாம் பேசவில்லை. சரக்கு எங்கே போய்ச் சேருகிறதோ அந்த மாநிலத்துக்கே மாநிலப் பங்கு வந்துவிடும். எதிராளி மேல் இல்லாத குற்றத்தைச் சுமத்தினால் இருக்கிற குற்றமும் பொய்யாகப் போய்விடும்.)

செல்போனில் கட்டிய பணத்தில் உத்திரமேரூரில் தங்குவது அந்த மோட்டார் சைக்கிள் பையனுக்குக் கிடைக்கும் சில்லறைதான்.

இந்தப் பணக் கணக்கைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. அது கடைக்காரரின் மேஜையில், எண்ணெய்க் கறை படிந்து, நூலால் கட்டித் தொங்கும் கடன் நோட்டில் இருக்கிறது.

நம் தாலுகாவிலிருந்து எத்தனையோ இளைஞர்கள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிறார்கள். 2024 செப்டம்பர் 9ந் தேதி சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காக வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முப்பத்தேழு நாள் நடந்தது. நீண்ட வேலைநிறுத்தத்தில் அந்த வீடுகளில் அடுப்பு எதைக்கொண்டு எரிகிறது? சங்கம் நிதி திரட்டும், தோழமைச் சங்கங்கள் அரிசி கொடுக்கும். ஆனால் அன்றாடம் காப்பித்தூளும் பருப்பும் பச்சைப் பிள்ளைக்குப் பால் பவுடரும் எங்கிருந்து வருகின்றன? போராட்ட வேலையில் இருபது வருஷமாக இருக்கும் நமக்கு அந்த இடம் தெரியும். "எழுதிக்கோங்க அண்ணே, வேலைக்குப் போனதும் தர்றேன்" என்று சொல்ல முடிகிற இடம் அது. அண்ணாச்சி முகத்தைச் சுளிப்பார், பழைய பாக்கியை நினைவுபடுத்துவார், ஆனாலும் எழுதிக்கொள்வார். செல்போனிடம் "எழுதிக்கோ" என்று சொல்லிப் பாருங்கள். இப்பொழுது வாங்கு, பிறகு கட்டு என்று அதுவும் கடன் கொடுக்கத்தான் செய்கிறது. ஆனால் தவணை தவறிய நாளன்று வேலைநிறுத்தம் நடந்தது என்பதோ, வீட்டில் சாவு விழுந்தது என்பதோ அதற்குத் தெரியாது. அபராதம் போடத் தெரியும்.

2020 மார்ச் 25லிருந்து ஊரடங்கு. வண்டியில்லை, வேலையில்லை. அந்த வாரங்களில் கிராமத்து வீடுகளுக்கு உப்பும் புளியும் கொடுத்தது யார்? பின்பக்கக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டால் அடைத்து, மீண்டும் திறந்த பெட்டிக்கடைக்காரர்தான். 2016 நவம்பர் 8ந் தேதி இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தபோது, "அப்புறம் கொடு" என்று சாமான் கொடுத்தவரும் அவரே. அந்த மூன்று அடிகளில், நோட்டு ஒழிப்பு, ஜி.எஸ்.டி., ஊரடங்கு என்ற மூன்றில், பலர் எழுந்திருக்கவே இல்லை. நம் கண்ணெதிரே இரும்புக் கதவு இறங்கிய கடைகள் உண்டு. மூடிய கடையின் நோட்டில் எழுதியிருந்த பாக்கியை யாரும் வசூலிக்கவில்லை. ஆனால் அடுத்த கஷ்ட காலத்தில் எழுதிக்கொள்ள அந்த நோட்டும் இல்லை.

தொழிலாளியும் சிறு வியாபாரியும் சேர்ந்து நிற்பது நம் மண்ணில் நேற்று முளைத்ததல்ல. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னே நின்றார்கள். ஊர் ஜனங்கள் வேலைநிறுத்தக்காரர்களுக்குச் சோறு போட்டார்கள். கூலி உயர்வோடு வேலைநிறுத்தம் வென்றது. மார்ச்சில் தலைவர்களைக் கைது செய்தபோது நெல்லையிலும் தூத்துக்குடியிலும் கடைகள் அடைபட்டன. அந்தக் கடைத்தெரு இல்லாதிருந்தால், ஊர் பூராவும் மில் முதலாளியின் ஒரே பண்டகசாலையாக இருந்திருந்தால், வேலைநிறுத்தம் எத்தனை நாள் தாங்கியிருக்கும்? இலங்கையிலும் மலேயாவிலும் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களுக்குப் போன தமிழர்களைக் கேட்டால் தெரியும். தோட்டத்துக் கடை ஒன்றே கடையாயிருந்த இடத்தில், கூலியை வாங்கிய கையோடு அங்கேயே கட்டிவிட்டு, அடுத்த மாதத்துக்கும் கடனாளியாகத் திரும்பிய குடும்பங்கள் எத்தனையோ. ஒரே கடைதான் என்றால், கடைக்காரன் வைத்ததுதான் சட்டம்.

"ஆகா, அப்படியானால் கடைக்காரர்கள் எல்லாம் புண்ணியவான்களா?" என்று அந்தத் தாய் திருப்பிக் கேட்பார். கேட்க வேண்டும். ஏனென்றால் உள்ளூர்க் கடை என்பதாலேயே ஒரு கடை நல்ல கடையாகிவிடாது.

அடகுக் கடைக்காரரும் உள்ளூர் வியாபாரிதான்! அவருக்காக நாம் இங்கே வாதாடவில்லை. வெள்ளத்தின்போது மெழுகுவத்தியைப் பதுக்கி இரட்டை விலைக்கு விற்றவரையும் பார்த்திருக்கிறோம். எடை குறைந்த படிக்கல், புழுங்கலில் கலந்த ரேஷன் அரிசி, கடனுக்கு வாங்குபவருக்கு மட்டும் இரண்டு ரூபாய் கூடுதல், இவையும் நம் கடைத்தெருவில் உள்ளவையே. கடன் நோட்டில் எழுதத் தெரியாத கிழவியின் பெயருக்கு நேரே ஒரு பூஜ்யம் தானாக முளைத்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

இதைவிடக் கொடியது ஜாதி. தமிழ்நாட்டுக் கிராமங்களில் டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது பொய்யா? அதை எதிர்த்து எத்தனை போராட்டங்கள், எத்தனை வழக்குகள்! அது பழைய கதை என்பவர்கள் 2022 செப்டம்பரை நினைத்துப் பார்க்கட்டும். தென்காசி மாவட்டம் பாஞ்சாங்குளத்தில் மிட்டாய் வாங்க வந்த தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்குத் தின்பண்டம் விற்க முடியாது, ஊர்க் கட்டுப்பாடு என்று ஒரு பெட்டிக்கடைக்காரர் சொன்னார். அதைப் படமும் எடுத்துப் பரப்பினார்கள். போலீஸ் வழக்குப் போட்டுக் கைது செய்தது, கடைக்கும் சீல் வைத்தார்கள். அந்தக் குழந்தைகளின் தாயிடம் போய் "உள்ளூர்க் கடையில் வாங்கம்மா" என்று சொல்ல நமக்கு நாக்கு எழுமா? செல்போன் ஜாதி கேட்பதில்லை என்று ஒரு வாலிபன் நம்மிடம் சொன்னான். அந்தச் சொல்லை அலட்சியமாக ஒதுக்கிவிடத் தோழர்களுக்கு உரிமையில்லை. கடைத்தெருவைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுகிற நாம், அந்தத் தெருவில் சகலரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து ஒரே கிளாஸில் டீ குடிக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கடையில் வேலை செய்யும் பையன்கள், பெண்களின் விஷயமும் இருக்கிறது. 1947லேயே சென்னை மாகாணத்தில் கடைகள், நிறுவனங்கள் சட்டம் வந்தது. எட்டு மணி நேர வேலை, வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை என்று அதில் எழுதியிருக்கிறது. ஜவுளிக் கடையில் காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை நின்றபடியே புடவை விரித்துக் காட்டும் பெண்ணிடம் அந்தச் சட்டத்தைப் பற்றிக் கேட்டால் சிரிப்பாள். உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்பதற்கே 2021 வரை காத்திருந்து, சட்டசபையில் தனித் திருத்தம் கொண்டுவர வேண்டியதாயிற்று. சின்ன முதலாளியும் முதலாளிதான் என்பதை நாம் மறக்கவில்லை. அவரே காலை ஐந்து மணியிலிருந்து கல்லாவில் உட்கார்ந்து, மனைவியும் பிள்ளையும் பொட்டலம் மடிக்க, மாதக் கடைசியில் ஒரு கூலிக்காரனின் சம்பளம்கூடத் தேறாமல் தவிக்கிறார் என்பதையும் மறக்கவில்லை. இரண்டும் உண்மை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இந்தக் குற்றங்கள் அனைத்தையும் எதிர்த்து உத்திரமேரூரிலேயே நாம் போராட முடியும். எடையில் குறைத்தால் தராசுக்கு முன்னால் நின்று சத்தம் போடலாம், தொழிலாளர் துறை முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். தனிக் கிளாஸ் வைத்தால் கடைமுன் மறியல் செய்யலாம். அவர் முகம் நமக்குத் தெரியும், நம் முகம் அவருக்குத் தெரியும். நாளைக்கும் நம்மிடம்தான் அவர் வியாபாரம் செய்தாக வேண்டும். செல்போனில் கெட்டுப்போன பருப்பு வந்தால் யார் வீட்டுக்கு முன்னால் போய் நிற்பது? ஒரு நம்பர் கொடுப்பார்கள். அங்கே ஒரு இயந்திரம் பேசும்.

நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். 919லும் 921லும் பராந்தகச் சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு. முப்பது குடும்புகள், குடவோலை, ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் சொந்த நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கே அந்த ஓலை, உழுதவனுக்கும் பெண்ணுக்கும் இல்லை என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை. அது கிடக்கட்டும். அதில் ஒரு விதி நமக்குப் பிடிக்கும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி ஓலைக்கு நிற்கக் கூடாது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே கணக்குக் கேட்ட ஊர் இது. அந்த வழக்கத்தைக் கடைத்தெருவுக்கும் கொண்டுவர வேண்டும்.

கூட்டுறவுக்கும் கொண்டுவர வேண்டும். அந்தத் தாய்க்கு உண்மையிலேயே இருபது ரூபாய் குறைவாக எண்ணெய் கிடைக்க வேண்டுமானால், ஒரு கடைக்காரர் தனியாகக் குறைக்க முடியாது. நூறு கடைக்காரர்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் குறைக்க முடியும். நுகர்வோர் சேர்ந்து பண்டகசாலை வைத்தாலும் முடியும். 1844ல் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் இருபத்தெட்டுப் பேர், நெசவாளர்களும் மற்றத் தொழிலாளிகளும், வேலைநிறுத்தத்தில் தோற்ற ஊர்க்காரர்கள், கையிலிருந்த சில்லறையைப் போட்டு மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கும் ஒரு சின்னக் கடை திறந்தார்கள். கலப்படமில்லாத சரக்கு, சரியான எடை, வாங்கியவருக்கே லாபப் பங்கு. அதிலிருந்துதான் உலகக் கூட்டுறவு இயக்கம் வளர்ந்தது. நமக்கும் இதில் பெருமைப்பட இடமுண்டு. இந்தியாவிலேயே முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904 அக்டோபரில் பதிவானது நம் காஞ்சிபுரத்தில்தான். அதே ஆண்டில்தான் சென்னையில் திருவல்லிக்கேணிக் கூட்டுறவுப் பண்டகசாலையும் பிறந்தது. நெசவாளர் சங்கங்களைக் கண்ட மாவட்டம் இது. ஒரு மளிகைக் கூட்டுறவு நமக்கு எட்டாத கனியா?

எட்டாமல் செய்தவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் கூட்டுறவுச் சங்கத் தலைவர் நாற்காலி அந்தக் கட்சிக்காரர்களுக்குப் போய்விடுகிறது. உறுப்பினர் பட்டியலில் செத்தவர்கள் பெயரும் இருக்கும். பண்டகசாலை அலமாரியில் யாரும் வாங்காத சோப்பு தூசி படிந்து கிடக்கும். தேர்தல் நடத்து, கணக்கைச் சுவரில் ஒட்டு என்று உறுப்பினர்கள் கேட்காதவரை இது மாறாது. ஆனாலும் ரேஷன் கடை இல்லாத தமிழ்நாட்டை நினைத்துப் பாருங்கள். அதில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்கள்தாம் நடத்துகின்றன. குறை சொல்லிக்கொண்டே அதைக் காப்பாற்றி வந்திருக்கிறோம். அன்று மரத்தடியில் பேசப் போனதும் அதற்காகத்தான்.

ஆகவே நாம் வாங்குபவரிடம் மட்டும் கேட்கவில்லை. உற்பத்திக் கம்பெனி பெரியவனுக்குக் கொடுக்கும் விலையைச் சின்னவனுக்கும் கொடுக்கச் சட்டம் வேண்டும் என்று சர்க்காரைக் கேட்கிறோம். வேண்டுமென்றே நஷ்டத்தில் விற்றுப் போட்டியை ஒழிப்பவனைத் தடுக்க வேண்டும் என்கிறோம். போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் அமேசான், பிளிப்கார்ட் மீது விசாரணைக்கு உத்தரவிட்டது. உத்தரவு போட்ட மறுமாதமே கோர்ட்டில் தடை. அதன்பின் வருஷங்கள் ஓடின. அத்தனை காலம் வக்கீல் பீஸ் கட்டிக்கொண்டு காத்திருக்கத் திமிங்கலத்தால் முடியும். மளிகைக் கடையால் முடியுமா? வணிகர் சங்கங்களையும் கேட்கிறோம். மே 5ந் தேதி வணிகர் தினத்துக்கு மாநாட்டுப் பந்தல் போடுகிறீர்கள், நல்லது. 2017ல் பெப்சியும் கோக்கும் விற்க மாட்டோம் என்று அறிவித்தீர்கள், ஜனங்கள் பாராட்டினார்கள். உங்கள் கடைப் பையனுக்கு வார விடுமுறை கொடுப்பதற்கும், மொத்தமாகச் சேர்ந்து வாங்குவதற்கும், எவனாவது ஜாதி பார்த்துச் சாமான் கொடுத்தால் அவனைச் சங்கத்திலிருந்து நீக்குவதற்கும் ஒரு தீர்மானம் போடுங்கள். அதன்பின் உங்கள் போராட்டத்துக்குத் தொழிலாளி வருவான்.

அந்தத் தாயிடம் நாம் கேட்பது கொஞ்சம்தான். எல்லாவற்றையும் கடையிலேயே வாங்குங்கள் என்று கேட்கவில்லை. கையில் காசில்லாத நாட்களில் மட்டும் கடைக்குப் போய், காசு இருக்கும் நாட்களில் செல்போனுக்குப் போனால், அந்தக் கடை எதைக்கொண்டு உங்களுக்குக் கடன் கொடுக்கும்? இதை மட்டும் யோசித்துப் பாருங்கள் என்று கேட்கிறோம்.

அடுத்த கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே வேப்ப மரத்தடியில். அந்த ஊர் மளிகைக் கடைக்காரரையும் கூப்பிட்டிருக்கிறோம். முதலில் தயங்கினார். "எல்லாரும் சேர்ந்து என்னைத் திட்டறதுக்கா?" என்றார். கொஞ்சம் திட்டுவார்கள், கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும் என்றோம். கொள்முதல் பில்லைக் காட்டுகிறேன், நான் வாங்குற விலையை அவங்களே பாக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார். கடையை அடைத்துவிட்டு ஒன்பதரை மணிக்குத்தான் வர முடியுமாம். கூட்டத்தை ஒன்பதரைக்கு மாற்றியாயிற்று. வரும்போது தராசையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறோம்.